கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் காய்ச்சல் என்றால் நமக்கென்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில், மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தை ஒட்டிய உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தில் கவுன்ட்டரில் இருக்கிறேன். சார்ஸ் வந்த 2003ஆம் வருடம் சேர்ந்தது, இன்னும் அதே நாற்காலி. டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை; பெயரைக் கூப்பிட்டு, மருந்து உறையில் காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்து, காசு வாங்குவதுதான் வேலை. ஆனால் காத்திருக்கிறவர்கள் உள்ளே கேட்கத் தயங்குவதையெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள், அதிலும் செய்தியில் எங்கோ ஒரு நாட்டில் ஏதோ கிருமி என்று ஓடினால் போதும், அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால், படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

1. அக்கா, அவங்க நாட்டு நோய் அவங்க பாடு. நாம ஏன் தலையைக் கொடுக்கணும்?

காலை நாலரை மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பக்கம் ஒருமுறை நின்று பாருங்கள். மலேசியாவின் ஜோகூரிலிருந்து கடற்பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஆற்று வெள்ளம் மாதிரி வரும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் அந்தப் பாலத்தில் போய்வருகிறார்கள். உங்கள் அலுவலகத்தைக் கூட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், இந்த மருந்தகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண், எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மதியம் சாப்பிடும் கோழியும் கீரையும்கூட அதே பாலத்தில்தான் வருகின்றன. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு ஃபெர்ரியில் ஒரு மணி நேரம். இதில் எது அவர்கள் நோய், எது நம் நோய் என்று கோடு போடுவது?

2. இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு? உலக சுகாதார நிறுவனமா, ஆசியானா, நம்ம அமைச்சா?

மூன்றும்தான், ஆனால் பலம் வேறுவேறு. உலக அளவில் அனைத்துலகச் சுகாதார விதிமுறைகள் என்று ஒன்று இருக்கிறது. 2005இல் திருத்தி எழுதப்பட்டு 2007 ஜூனில் நடப்புக்கு வந்தது. எல்லை தாண்டக்கூடிய ஆபத்து என்று ஒரு நாடு கணித்துவிட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. சொல்லாவிட்டால்? கைது செய்ய ஆளில்லை, அபராதமும் இல்லை. மானம் போகும், அவ்வளவுதான்.

ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு ஒப்புதலின் பேரில் ஓடும் வண்டி, யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. உள்ளூரில் சுகாதார அமைச்சு இருக்கிறது, அதன்கீழ் தொற்றுநோய்களைக் கவனிப்பதற்கென்றே 2025 ஏப்ரல் 1 முதல் சிடிஏ என்ற தனி அமைப்பும் இருக்கிறது. நாள்தோறும் பக்கத்து நாட்டோடு பேசுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட அதிகாரிகள்தாம். தலைவர்கள் கைகோத்து நிற்கும் படங்களைவிட, இந்த ஊர் அதிகாரியிடம் அந்த ஊர் அதிகாரியின் கைப்பேசி எண் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

3. ஜோகூர் கொசு கடற்பாலம் தாண்டி வருமா?

சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. பாலமோ ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காரில் ஏறி வரலாம், அது வேறு கதை. உண்மையில் பாலம் தாண்டுவது கொசு இல்லை, மனிதர் ரத்தத்தில் இருக்கும் வைரஸ். அங்கே கடி வாங்கி இங்கே காய்ச்சலோடு வந்து படுப்பவரை இங்குள்ள கொசு கடித்தால் வேலை முடிந்தது.

டெங்கி வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு அந்த வகையிடமிருந்து பாதுகாப்பு உண்டு, மற்ற மூன்றிடம் இல்லை. அதனால் ஓர் ஊரில் பல வருடமாக ஓடிய வகை மாறினால் பெரிய அலை எழும்ப வாய்ப்பு அதிகம். 2020இல் இங்கே 35,000க்கு மேல், 2022இல் 32,000க்கு மேல் என்று எண்ணிக்கை ஏறியது நினைவிருக்கும். பக்கத்து நாட்டில் இப்போது எந்த வகை தலைதூக்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் நாம் கொசு வேட்டையைச் சீக்கிரம் தொடங்கலாம். அதற்காகவே மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் யுனைட்டெங்கி என்ற வலையமைப்பில் எண்ணிக்கையையும் வகையையும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். ஜூன் 15 ஆசியான் டெங்கி தினம், 2011 முதல். அந்த நாளில் கொடுக்கும் விசிறியைவிட இந்தத் தகவல் பரிமாற்றம் பத்து மடங்கு உபயோகம்.

4. நாங்க பூச்சட்டித் தண்ணியைக் கொட்டினா, அவங்களே கொசுவைக் கொண்டாந்து விடுறாங்க. ஜோக்ஜாகார்த்தாவுலயும் இதேதான் பண்றாங்களாம்?

பாதி சரி. இரண்டு இடத்திலும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள கொசுதான், ஆனால் வித்தை வேறு. சிங்கப்பூரில் 2016இலிருந்து சோதித்துவரும் முறையில் ஆண் கொசுவை மட்டும் விடுகிறார்கள். ஆண் கடிக்காது. அது இங்குள்ள பெண் கொசுவோடு கூடினால் முட்டை பொரியாது, கூட்டம் குறையும். தெம்பனிஸ், ஈசூன் ஆட்களுக்கு அந்தக் குப்பிகள் பழகியிருக்கும்.

இந்தோனேசியாவின் ஜோக்ஜாகார்த்தாவில் ஆண், பெண் இரண்டையும் விட்டார்கள். அங்கே கொசு குறையாது. டெங்கியை எளிதில் பரப்ப முடியாத கொசுவாகவே ஊர் முழுக்க மாறிவிடும். 2021இல் வெளியான ஆய்வில், கொசு விட்ட பகுதிகளில் டெங்கி 77 விழுக்காடு குறைந்திருந்தது. மலேசியாவும் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுத்தது. மூன்று நாடும் ஒரே கணக்கை வேறுவேறு வழியில் போட்டுப் பார்ப்பது எனக்கு நல்லதாகவே தோன்றுகிறது, ஒருவர் விடையை மற்றவர் எட்டிப் பார்க்கலாம். பூச்சட்டித் தண்ணீரை மட்டும் தொடர்ந்து கொட்டுங்கள்.

5. நிபா கேரளா நோய்தானே? இங்கே ஏன் இவ்வளவு பயப்படுறாங்க?

கேரளாவில் 2018இல்தான் வந்தது. அதற்கு இருபது வருடம் முன்பே நம் வாசலுக்கு வந்துவிட்டது. 1998 கடைசியில் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. கொசுவால் வருவதென்றால் அக்கம்பக்கத்தில் எல்லாரையும் பிடிக்க வேண்டும். இதுவோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களையே தேடித்தேடிப் பிடித்தது, பக்கத்துக் கிராமத்தில் பன்றியைத் தொடாத மலாய்க்காரர்களை விட்டுவிட்டது. இந்தத் துப்பு கண் முன்னால் இருந்தும் மாதங்கள் ஓடின. அதற்குள் பன்றிகள் லாரியில் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போய்விட்டன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர் இது புது வைரஸ் என்று கண்டார். மாதிரி எடுத்த நோயாளியின் ஊர் சுங்கை நிபா, அதுவே பெயராயிற்று. அதே மாதம் இங்கே, மலேசியப் பன்றிகளை அறுத்த கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். நாம் மலேசியப் பன்றி வாங்குவதை நிறுத்தினோம். உயிருள்ள பன்றிகளுக்கு இந்தோனேசியாவின் பூலாவ் பூலான் தீவையே நம்பினோம். 2023 ஏப்ரலில் அங்கேயும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் (இது மனிதருக்கு வராது), அதுவும் நின்றது. ஒரு நாட்டை மட்டும் நம்பியிருப்பது சரிவராது என்று இங்கே எல்லாரும் பேசத் தொடங்கியதற்கு இப்படிப் பல காரணங்கள்.

இன்னொன்று. மலேசிய நிபா பன்றி வழியாகத்தான் பெரும்பாலும் பரவியது. வங்காளதேசத்திலும் கேரளாவிலும் பார்த்த வகை மனிதரிடமிருந்து மனிதருக்கும், குறிப்பாகப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தொற்றுகிறது. பயம் அதனால்தான்.

6. நோய்க்கு ஊர்ப்பேர் வெச்சா என்ன தப்பு?

சுங்கை நிபாக்காரர்களிடம் கேளுங்கள். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவின் ஒரு மரபணுவுக்குப் புதுடில்லியின் பெயரைச் சேர்த்தபோது இந்தியா கொதித்ததும் இதற்குத்தான். 2015இல் உலக சுகாதார நிறுவனமே இனி ஊர், மக்கள், விலங்கு பெயரெல்லாம் புது நோய்க்கு வேண்டாம் என்று வழிகாட்டி போட்டது. பேரில் என்ன இருக்கிறது என்பீர்கள், 9ஆம் கேள்வி வரை பொறுங்கள்.

7. சார்ஸ் சமயத்துல ஆசியான் ஏதாச்சும் செஞ்சதா, படம் புடிச்சிக்கிட்டுப் போனதோட சரியா?

படமும் பிடித்தார்கள். 2003 ஏப்ரல் 29இல் பேங்காக்கில் ஆசியான் தலைவர்கள் அவசரமாகக் கூடினார்கள், சீனப் பிரதமர் வென் ஜியாபாவும் வந்தார். நாட்டை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே பயணிகளைச் சோதிப்பது, தகவலை உடனுக்குடன் பரிமாறுவது என்று ஒப்புக்கொண்டார்கள். கிளம்பும் இடத்தில் சோதனை என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் உன் நோயாளியை என் விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவாதே என்பதுதான் அதன் பொருள்.

அந்தச் சார்ஸ் ஹாங்காங்கில் ஒரே ஹோட்டலில் தங்கியவர்கள் மூலம் இங்கே, வியட்நாம், கனடா என்று சிதறியது. இங்கே 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள், அவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்தார்களே, என் மகனுடையது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, தூக்கிப்போட மனமில்லை.

8. கோவிட் வந்தப்போ அவனவன் கதவைச் சாத்திக்கிட்டான். அப்போ எங்கே போச்சு இந்த ஒத்துழைப்பு?

நியாயமான கேள்வி. மலேசியா தன் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தது 2020 மார்ச் 16 இரவு, நடப்புக்கு வந்தது 18ஆம் தேதி. இடையில் ஒரே ஒரு நாள். 17ஆம் தேதி இரவு பைகளைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் பாலம் தாண்டி இங்கே வந்தார்கள், தங்க இடமில்லாமல் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் படுத்துக் கிடந்தவர்களும் உண்டு. அவர்களைத் தங்கவைக்கும் முதலாளிகளுக்கு ஆளுக்கு இரவுக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று 14 இரவுக்கு அரசாங்கம் உதவியது. முதல் கேள்வியில் சொன்ன என் பக்கத்து நாற்காலிப் பெண் அன்றைக்கு ஒரு தலையணையும் பள்ளிக்கூடப் பை ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தாள், பதினான்கு நாள் என்று நினைத்து. திரும்பிப் போய் மகளைப் பார்த்தபோது அந்தப் பை மகளுக்குச் சின்னதாகிவிட்டது.

ஆனால் எல்லாமே அறுந்துவிடவில்லை. உணவு லாரிகள் நிற்கவில்லை, சந்தைக்குக் கீரை வந்துகொண்டுதான் இருந்தது. அது தானாக நடந்ததல்ல, இரண்டு பக்கத்து அமைச்சர்களும் தொலைபேசியில் பேசிப் பேசி நடந்தது. 2020 ஆகஸ்ட் 17இலிருந்து வேலைக்காக வந்துபோகத் தனி ஏற்பாடு, 2021 நவம்பர் 29இலிருந்து தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழிப் பஸ், 2022 ஏப்ரல் 1 நள்ளிரவில் கதவு முழுசாகத் திறந்தது. சரக்குக்கு உடனே வழி பிறந்தது, மனிதருக்கு இரண்டு வருடம் ஆயிற்று என்று யாராவது திட்டினால் நான் மறுக்க மாட்டேன். அடுத்த முறைக்கென்று எழுதிவைக்க வேண்டிய ஒப்பந்தம் இதுதான் என்பது என் கட்சி: தினம் போய்வருகிறவர்களை என்ன செய்யப்போகிறோம், எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுப்போம் என்பது.

9. முதல்ல வாயைத் திறக்கிற நாட்டைத்தானே எல்லாரும் மொத்துறாங்க? அப்புறம் எவன் சொல்லுவான்?

இந்தப் பக்கத்திலேயே இதுதான் சரியான கேள்வி. கேட்டவர் ஓர் ஓய்வுபெற்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி. 2021 நவம்பர் 24இல் தென்னாப்பிரிக்கா புதிய வகை கோவிட் பற்றி உலகத்துக்குச் சொன்னது, பிறகு அதற்கு ஓமிக்ரான் என்று பெயர் வந்தது. நல்ல ஆய்வுக்கூடம் இருந்ததால் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், நேர்மையாகச் சொன்னார்கள். பரிசு? மூன்றே நாளில் நாடு நாடாகத் தடை. சிங்கப்பூரும் 27ஆம் தேதி இரவிலிருந்து தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட ஏழு நாடுகளிலிருந்து வருவோருக்குத் தடை போட்டது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

தடையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1999இல் பன்றி இறக்குமதியை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேரோ. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் என்றதும் மலேசியக் கோழியை நிறுத்தியதும் அப்படித்தான். ஆனால் நிறுத்தினால் அந்தப் பண்ணைக்காரன் கதி? கோழியை இழப்பான், சந்தையை இழப்பான், ஊர்ப் பெயரும் கெடும். அடுத்த தடவை இரண்டு கோழி செத்தால் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் பேசாமல் இருப்பான். 24 மணி நேர விதி அவன் கொல்லைப்புறத்தில் தொடங்குகிறது, அமைச்சில் அல்ல. சொன்னவருக்கு நட்ட ஈடு, தடைக்கு ஒரு கெடு, காரணம் முடிந்ததும் உடனே தளர்த்துவது, இவை இல்லாமல் ஒத்துழைப்பு என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

10. இந்தோனேசியா ஒருவாட்டி வைரஸ் மாதிரியையே தர மாட்டேன்னுச்சாமே? அது துரோகம் இல்லையா?

அவர்கள் தரப்பையும் கேளுங்கள். பறவைக் காய்ச்சலால் அவர்கள் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது மாதிரிகளை உலகத்துக்கு இலவசமாக அனுப்பினார்கள். அதிலிருந்து வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி தயாரிக்கிறது, அதை வாங்க அவர்களிடமே காசில்லை. அப்போதைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி 2007இல் மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். ஆபத்தான செயல்தான், பலர் திட்டினார்கள். ஆனால் அந்தச் சண்டையில்தான் 2011இல் புதிய ஏற்பாடு பிறந்தது: இப்படிப்பட்ட ஃபுளு வைரஸ் மாதிரியைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பணமும் தடுப்பூசியில் ஒரு பங்கும் தர வேண்டும்.

2025 மே 20இல் உலக நாடுகள் ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் இதே முடிச்சுதான் கடைசிவரை அவிழவில்லை. மாதிரி தருபவருக்கு என்ன கிடைக்கும் என்ற பகுதியைத் தனி இணைப்பாகப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள்.

11. புகைமூட்டமும் இதுல சேருமா? அது நோய் இல்லையே.

2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான பிஎஸ்ஐ 401 தொட்டபோது எங்கள் மருந்தகத்தில் உட்கார இடமில்லை, ஆஸ்துமா பிள்ளைகள் வரிசையாக. நோயில்லை என்று அவர்கள் அம்மாக்களிடம் சொல்லிப் பாருங்கள். ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தானது; புகை கிளம்பும் சுமத்ராவும் கலிமந்தானும் இருக்கும் இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்தது 2014இல், பத்து நாடுகளில் கடைசியாக. அதே வருடம் சிங்கப்பூர் சொந்தச் சட்டம் போட்டது. வெளிநாட்டில் எரித்தாலும் இங்கே புகை வந்தால் அந்த நிறுவனத்துக்கு நாளுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

இந்தோனேசியாவைத் திட்டி முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எரியும் சதுப்பு நிலத்துத் தோட்டங்களில் சிங்கப்பூர், மலேசிய முதலும் இருக்கிறது. அதோடு, புகையை முதலில் குடிப்பது சுமத்ராவின் ரியாவ் கிராமத்துப் பிள்ளை, நமக்கு வருவது மிச்சம்.

12. ஆசியானுக்குன்னு ஒரு பொது மையம் இருக்கா இல்லையா? ஐரோப்பாவுல இருக்கே.

ஐரோப்பா சார்ஸ் பார்த்த பயத்தில் பொது நோய்த் தடுப்பு மையத்தை 2005லேயே ஸ்டாக்ஹோமில் தொடங்கிவிட்டது. ஆசியான் 2020 நவம்பரில் அறிவித்தது, ஜப்பான் பணம் தந்தது. எங்கே வைப்பது என்ற பேச்சு முடியவே 2022 ஆகிவிட்டது. முடிவு என்னவென்றால் மூன்று நாட்டுக்கும் பங்கு. தடுப்பும் ஆயத்தமும் வியட்நாம், கண்டுபிடிப்பது இந்தோனேசியா, களத்தில் இறங்குவது தாய்லாந்து. ஒரே வீட்டுச் சமையலுக்கு அரிசி ஒரு வீட்டில், அடுப்பு ஒரு வீட்டில் என்று பிரித்த மாதிரி இருக்கிறது எனக்கு.

13. இந்தியா பக்கத்து நாடு இல்லையா? சென்னைக்கு நாலு மணி நேரம்தானே.

விமானக் கணக்கில் பக்கம், ஆசியான் கணக்கில் இல்லை. இன்னொரு வேடிக்கை, உலக சுகாதார நிறுவனம் உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறது. நாமும் மலேசியாவும் மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்கு பசிபிக் மண்டலம், இந்தியாவும் தாய்லாந்தும் புதுடில்லி மண்டலம். பாத்தாம் கரை இங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது, இந்தோனேசியாவோ 2025 வரை புதுடில்லி மண்டலத்தில்தான் இருந்தது. 2ஆம் கேள்வியில் சொன்ன 24 மணி நேர விதி இந்தியாவுக்கும் பொருந்தும், தகவல் வரும் பாதைதான் வேறு.

ஊருக்குப் போய்வரும்போது பெட்டி நிறைய ஆன்டிபயாட்டிக் வாங்கி வருகிறவர்களே, உங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். பாதி அட்டை விழுங்கிவிட்டு மீதியை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும், அதற்குக் கடப்பிதழ் தேவையில்லை.

14. பாலியில குரங்கு லேசா கீறிடுச்சு. இங்கே வந்து பாத்துக்கலாமா?

வேண்டாம், அங்கேயே போங்கள். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் (குரங்கு வழியாகவும் வரலாம்) இல்லை, அதனால் நமக்கு அந்தப் பயமே விட்டுப்போயிற்று. பாலியில் 2008இலிருந்து இருக்கிறது, சரவாக்கில் 2017இலிருந்து. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். விமானச் சீட்டு வீணாகிறதே என்று யோசிக்க வேண்டாம், அறிகுறி தெரிந்த பிறகு இதற்குப் பெரும்பாலும் வைத்தியமே இல்லை.

15. காய்ச்சல்னு வந்தா "எங்கே போயிட்டு வந்தீங்க"ன்னு ஏன் கேக்குறீங்க? சொன்னா பிரச்சினை வருமா?

கோவிட் ஆரம்பத்தில் ஒரு பெரியவர் வந்தார். எங்கேயும் போகலம்மா, வீட்டிலேயேதான் என்றார். நான் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "அப்போ நேத்து ஜோகூர்லேர்ந்து தூக்க முடியாம தூக்கிட்டு வந்த டுரியான் யாருது?" என்றார். பெரியவருக்கு என் மேல் கோபம் இல்லை, பயம். சொன்னால் அடைத்துவைத்துவிடுவார்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க முடியாது என்ற பயம். 9ஆம் கேள்வியில் சொன்ன பண்ணைக்காரனுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை எனக்கு. அன்றைக்குப் படிவத்தைத் திருத்தி எழுதிவிட்டு, அவருக்கு முதலில் ஒரு முகக்கவசமும் தண்ணீரும் கொடுத்து உட்காரவைத்தேன், கேள்வியெல்லாம் அப்புறம்.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டாக்டர் எந்த நோயை முதலில் சந்தேகிப்பது, என்ன ரத்தப் பரிசோதனை எடுப்பது என்று முடிவு செய்ய அது தேவை. அரிதாகச் சில நோய்களைச் சட்டப்படி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், அதை மருந்தகம் செய்துகொள்ளும். நீங்கள் சொல்ல வேண்டியது ஊர்ப் பெயர், திரும்பிய தேதி, அங்கே பண்ணை, கோழி, பன்றி, வௌவால் பக்கம் போனீர்களா, காய்ச்சலாகக் கிடந்த யாரையாவது பார்த்துக்கொண்டீர்களா, இவ்வளவுதான். டுரியான் கிலோ என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று நான் கேட்டால் அது படிவத்துக்கு இல்லை, எனக்கு.